சட்டைப் பையில் வெல்லம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானாம்பதிப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குதிரைப் பண்ணையில், மனநல ஆலோசகர் என்று பலகையில் உங்கள் பெயரைப் போடுவார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வருகிறவர்கள் உங்களைப் பார்க்க வரவில்லை. கிழக்குக் கொட்டகையில், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு நிற்கிறாளே பூங்காவனம், அவளைப் பார்க்க வருகிறார்கள். போன் செய்து, "பூங்காவனம் மேடம் இன்னிக்கு ஃப்ரீயா?" என்று கேட்பார்கள். அவள் குதிரை என்று தெரிந்தேதான் கேட்பார்கள்.

நான் ஓய்வு பெறும்வரை அவள்மேல் பொறாமையோடுதான் வேலை பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஆலோசகராக இருந்துவிட்டு இங்கே வந்தவள் நான். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசாத ஆளே கிடையாது என்று ஒரு திமிர் இருந்தது. வந்த வாரமே அது போயிற்று.

உத்திரமேரூரிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்தாள். பரீட்சை ஹாலுக்குள் காலை வைத்தால் அவளுக்கு விரல் விறைத்து மூச்சடைக்கும். நான் கேட்டதற்கெல்லாம் "தெரியல மேடம்" என்று ஒரே பதில். கடைசியில் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துக் கொட்டகைக்கு அனுப்பினோம். கழுத்திலிருந்து முதுகுவரை நீளமாகத் தேய்க்கத் தேய்க்க, அவளுடைய மூச்சும் குதிரையின் மூச்சும் ஒரே நிதானத்துக்கு வந்துவிட்டன. ஒரு பக்கம் தேய்த்து முடிப்பதற்குள் அவளுடைய அப்பா, அத்தை, போன வருஷ அரியர் எல்லாம் பூங்காவனத்தின் காதுக்குப் போய்விட்டது. நான் வேலிக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தப் பண்ணையை ஆரம்பித்த டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனால் டாக்டரம்மா என்றே சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "குதிரை நம்மைவிடப் பயந்த பிராணி. வரப்பில் ஒரு யூரியா சாக்கு காற்றில் பறந்தால் போதும், உடம்பெல்லாம் விறைத்து நிற்கும். நின்று பார்க்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தலையைத் தாழ்த்தி மறுபடி மேயப் போய்விடும். நம்மிடம் வருகிறவர்களுக்கு அந்த மேயப் போகிற பாதிதான் வருவதில்லை. அதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்."

இன்னொன்றும் சொன்னார். வாயால் "நல்லா இருக்கேன்" என்று நம்மிடம் சமாளிக்கலாம். தோள் தூக்கியிருந்தால், மூச்சைப் பிடித்திருந்தால், குதிரை விலகிப் போய்விடும். அதனால் எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. வட்ட வேலிக்குள் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். ஆள் நடக்க வேண்டும். பூங்காவனம் தானாகப் பின்னால் நடந்து வந்தால், அந்த ஆளின் உடம்பு அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் நடை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். நீங்களும் அதைச் செய்யப் போகிறீர்கள். அதனால்தான் ஏழுமலையின் கதையைச் சொல்கிறேன்.

ஏழுமலைக்குத் தென்னேரி. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற வேலை. அவருடைய மனைவி தேவகியும் அதே தொழிற்சாலை, அதே பஸ். நல்லா ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குத் திடீரென்று ஏரிக்கரை ரோட்டுக்கு வந்தால் கை விறைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. இதய டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார். பஸ்ஸை வேறொரு டிரைவர் தற்காலிகமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

காக்கிச் சட்டையைக் கழற்றாமல்தான் வருவார். வேலை இல்லாத நாளிலும் காக்கிதான். நான் எத்தனை விதமாகக் கேட்டாலும், "ஒண்ணும் நடக்கல மேடம்" என்பார். ஏரிக்கரையில் ஏதாவது ஆச்சா? ஒண்ணும் நடக்கல மேடம். வீட்டில் சண்டையா? ஒண்ணும் நடக்கல மேடம். ஆனால் பூங்காவனத்திடம் விட்டால், அவளுடைய கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு முணுமுணுவென்று பேசுவார். அவள் காதை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நிற்பாள். காசு கொடுத்துப் படித்து வாங்கிய என் பட்டம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

குதிரைகளைப் பார்த்துக்கொண்ட பாபு பாய்தான் ஒருநாள், ஏழுமலை தன்னிடம் சொன்னதை எனக்குச் சொன்னார். பாபு பாய் முன்னே கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டவர். பூங்காவனமும் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தவள்தான். "மேடம், அந்த டிரைவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'இது பயந்துட்டு புல்ல மேயப் போவுது பாய். நான் பயந்துட்டு பயத்தயே மேஞ்சிக்கினு கீறேன்'னாரு."

என்ன அழகான வார்த்தை! என் சர்வீசில் பதற்றத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? குதிரையிடம் சொன்னார், சரி. குதிரைக்காரரிடமும் சொன்னார். எனக்கு மட்டும் ஒண்ணும் நடக்கல மேடம். பாபு பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குதிரைய வெச்சி பேஜார் ஆவாதீங்க மேடம், உடம்புக்கு ஆவாது" என்றார்.

இப்படி இருக்கும்போது, கம்பெனிக்குப் பஸ் விடுகிற ஒப்பந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: வர்ற திங்கட்கிழமைக்குள் டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் ஏழுமலைக்கு வண்டி, இல்லாவிட்டால் புது ஆளுக்கே வண்டி. அந்த வாரம் வெறும் நடை வைப்பது என்று முடிவாயிற்று.

அன்றைக்குக் காலையில் தேவகியும் வந்திருந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. கணவரைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு என் அறைக்கு நேராக வந்து, உட்காராமலே பேசினாள்.

"எது மேடம் அந்தக் குதிரை?"

ஜன்னல் வழியாகக் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்க வந்துட்டு போற அன்னிக்கு நல்லாத் தூங்கறாரு. இல்லன்னு சொல்லல. ஆனா வூட்ல வாயத் தொறந்தா 'கொயம்புல உப்பு கம்மி'ன்னு மட்டும்தான் வருது. இன்னா ஆச்சி உனுக்குன்னு கேட்டு கேட்டு எனுக்கு வாய் வலிச்சிப்போச்சி. பொம்பளயா இருந்தா வந்து நாலு வார்த்தை நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேட்டுட்டுப் போவேன். குதிரைய இன்னான்னு மேடம் கேக்கறது?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பண்ணையில் எல்லோரும் பூங்காவனத்தைத் தெய்வமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்க, என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. வேலிப் பக்கம் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன்.

பாபு பாய் கயிற்றை அவிழ்த்தார். ஏழுமலை நடந்தார். பூங்காவனம் அவர் தோளுக்குப் பின்னால் மூக்கை வைத்தபடி, கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி அழகாகச் சுற்றி வந்தாள். அவர் நின்றால் நின்றாள், திரும்பினால் திரும்பினாள். டாக்டரம்மா கண்ணில் தண்ணீர். பாபு பாய் கைதட்டினார். தேவகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

நான் மட்டும் ஏழுமலையின் சட்டையைப் பார்த்தேன். ஏனென்றால் எனக்குத்தான் அந்தக் குதிரை ஜெயிப்பது பிடிக்கவில்லை. காக்கிச் சட்டையின் இடது பை ஓரத்தில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பூங்காவனத்தின் மூக்கு அவருடைய தோளில் இல்லை. தோளைத் தாண்டி அந்தப் பையைத்தான் நாடிக்கொண்டிருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே! அவள் மனசைப் படிக்கவில்லை, வெல்லத்தை மோப்பம் பிடித்திருக்கிறாள். டாக்டரம்மாவிடம் அங்கேயே உரக்கச் சொல்ல நாக்கு துடித்தது.

சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் கவனமாகக் கேளுங்கள். சொன்னால் பூங்காவனம் தோற்பாள், நான் ஜெயிப்பேன். ஆனால் ஏழுமலை? பெண்டாட்டி எதிரில் மானம் போய் இந்தப் பண்ணைப் பக்கமே திரும்ப மாட்டார். பிழைப்புக்கு வேறு வண்டி தேடுவார். நம் ஊரில் ஓட்டத் தெரிந்த ஆளை ஒன்றும் கேட்காமல் ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவார்கள். அந்த வேனும் அதே ஏரிக்கரையில்தான் போகும். என் பொறாமை தீர்வதற்காகக் குழந்தைகளை அந்தக் கரையில் அனுப்ப முடியாது.

அதனால் டாக்டரம்மாவிடம், "எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன்" என்றேன்.

"உங்களுக்கு இன்னும் அந்தக் குதிரைமேல வயிற்றெரிச்சல் அடங்கலையா?" என்று சிரித்தார்.

"அடங்கலைதான். ஆனா இது வேற" என்றேன்.

ஏழுமலையைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூட்டிப் போனேன். "ஏழுமலை, அந்த வெல்லம் பூங்காவனத்துக்கா, டாக்டரம்மாவுக்கா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அவருடைய கை தானாகப் பையை மூடிக்கொண்டது. பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. காட்டறதுக்கு முன்னாடி வண்டிக்கு பெயிண்ட் அடிப்போம் இல்ல மேடம்? உள்ள இன்னா பழுது இருந்தாலும் வெளிய பளபளன்னு தெரியணும். பாஸ் ஆயிட்டா போதும்னு தோணும். அப்டி பண்ட்டேன்."

"பாஸ் ஆயிடுச்சுன்னு வைங்க. திங்கட்கிழமை ஏரிக்கரையில ஓட்டுவீங்களா?"

ஏழுமலை உள்ளங்கையைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மாதிரி விரல்கள் மடங்கியிருந்தன. "வண்டி போச்சின்னா நான் இன்னா மேடம்?" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குக் குதிரையும் மறந்து போயிற்று, வெல்லமும் மறந்து போயிற்று. "நீங்களே டாக்டரம்மாகிட்ட காட்டிடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன். போனார். பையிலிருந்ததை எடுத்துப் பாபு பாய் கையில் கொடுத்தார். டாக்டரம்மா பேனாவை மூடினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

அதுவரை எனக்கும் தெரியாது. ஆனால் காலையில் தேவகி சொன்னது நெஞ்சில் கிடந்தது. "குதிரை எல்லாத்தையும் கேட்டுக்கும், திருப்பிக் கேள்வி கேட்காது. அவருக்குத் திருப்பிக் கேட்கிற ஒரு ஆள் வேணும்" என்றேன். "அது நீங்கதானே?" என்றார். "நான் இல்லை. அதோ நாற்காலியில உட்கார்ந்திருக்காளே, அவள்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேவகி கையில் பூங்காவனத்தின் கயிற்றைக் கொடுத்தோம். "ஒரு சுற்று கூட்டிக்கொண்டு வா" என்றேன். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்தாள். பூங்காவனம் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். இன்னும் இழுத்தாள். பூங்காவனம் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, எங்கிட்ட வராது. அதுக்கும் தெரிஞ்சி கீது" என்றாள் தேவகி. கண் கலங்கிவிட்டது.

வேலிப் பக்கம் நின்றிருந்த ஏழுமலையை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே உள்ளே போனார்.

"இன்னாமே, கயித்த இப்டியா இய்ப்பாங்க? லூஸ் வுடு. தோள எறக்கு. மூச்ச புடிச்சிக்கினு கீற பாரு. வுடு. வுடுமே. வயித்துல இருந்து வுடு."

"எனுக்கு வரல மாமா."

"வரும். என்னப் பாரு. அதும் மூஞ்சியப் பாக்காத, போற எடத்தப் பாரு."

இருவரும் சேர்ந்து மூச்சை விட்டார்கள். பூங்காவனம் ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்று. மூவரும் நடந்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் அவள். இரண்டாவது சுற்றில் எங்கள் பக்கம் வந்தபோது, ஏழுமலை நேராகப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். நான் அங்கே நிற்பதை அவர்கள் வேலிக்கம்புக்கு மேலாக மதிக்கவில்லை. அதனால் எல்லாமே கேட்டது.

"அன்னிக்கு மய பெஞ்சிக்கினு இருந்துச்சே, ஏரித்தண்ணி வழியற கலங்கல் தாண்டி, கரை மேல. கன்னுக்குட்டி ஒண்ணு குறுக்க வந்துடுச்சி. ஸ்டீயரிங்க ஒடிச்சேன். பின்சக்கரம் தார் ரோட்ட வுட்டு சேத்துல எறங்கிட்ச்சி. வண்டி ஏரிப் பக்கமா சாஞ்சிட்ச்சி."

"எப்போ? எனுக்குத் தெரியாதே."

"ஒண்ணும் நடக்கல. ஏத்திட்டேன். பின்சீட்டுக்காரங்க 'இன்னா டிரைவரே, ஊஞ்சலா'ன்னு சிரிச்சாங்க."

"நான் எங்க இருந்தேன்?"

"தூங்கிக்கினு இருந்த. ஏரிப் பக்கத்து ஜன்னல்ல தல சாச்சி, வாயத் தொறந்துக்கினு. கண்ணாடில பாத்தேன். வண்டி சாயறப்போ ஒரு கையால உன்னப் புடிக்க முடியாதான்னு இருந்துச்சி. புடிக்க முடியாது இல்ல? ரெண்டு கையும் ஸ்டீயரிங்குல. இப்பவும் அந்த எடம் வந்தா கண்ணாடில அதான் தெரியுது. ஒண்ணும் நடக்காததுக்கு போயி யாருகிட்டமே சொல்றது?"

அவர் என்னிடம் பொய்யே சொல்லவில்லை. ஒண்ணும் நடக்கல என்பதுதான் அவருடைய வியாதி. நான்தான் என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

தேவகி நின்றுவிட்டாள். கயிறு கையிலிருந்து நழுவியது. "இத்த வெச்சிக்கினா இத்தினி நாளா எனுக்கு உப்பு கம்மி, உப்பு கம்மின்னு சொல்லிக்கினு இருந்த?" என்று அவருடைய நெஞ்சில் ஒரு குத்து குத்தினாள். பிறகு அந்தக் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். இதெல்லாம் நடக்கிறபோது பூங்காவனம் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்திப் புல் மேய்ந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வண்டி அவருக்குக் கிடைக்கவில்லை. டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்: ஆள் தேறுவார், அவகாசம் வேண்டும். ஒப்பந்தக்காரர் முனகிவிட்டு, டிப்போவில் வண்டி கழுவுகிற வேலைக்கு வைத்துக்கொண்டார். ஏழுமலை எங்களிடம் வருவதை நிறுத்தவில்லை. தேவகியும் லீவு நாளில் வந்தாள். முதலில் இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். பிறகு மொபெட்டில் போனார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு, தேவகி மட்டும் பின்னால் உட்கார, அந்த இடத்தைத் தாண்டினார்கள். நடுவில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறங்கி உட்கார்ந்துவிட்டாராம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வுடு மாமா, வயித்துல இருந்து வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இங்கே ஒரு கொசுறு. அதற்கப்புறம் வெறும் நடைக்கு முன்னால் சட்டைப் பையைக் காலி செய்யச் சொல்வது பண்ணையில் வழக்கமாயிற்று. அந்தச் சட்டம் என்னுடையது. பொறாமைக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் வாய் சரியில்லை. உங்களுக்கும் அந்தக் குதிரைமேல் பொறாமை வரும். வந்தால் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், பேச விடாதீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, மானாம்பதி ரோட்டிலிருந்து பண்ணைக்கு வருகிற மண் பாதையில் ஒரு பெரிய பஸ் ஆடி ஆடி வந்தது. முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஏழுமலை புதுக் காக்கியில் இறங்கினார். அந்த வாரம்தான் வண்டியை மறுபடி அவருக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் இன்னொரு மாலை. நான் சிரித்துக்கொண்டே முன்னால் போனேன். "இன்னா மேடம், நல்லா கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிக் கொட்டகைக்குப் போய், அந்த மாலையைப் பூங்காவனத்தின் கழுத்தில் போட்டார். நெற்றியில் பொட்டு வைத்தார். அவள் குனிந்து மாலையின் நுனியைத் தின்ன ஆரம்பித்தாள்.

தேவகி ஒரு பை பொரியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். இரண்டு பேரும் வேலியில் சாய்ந்துகொண்டு, பொரியும் கடலையும் மென்றுகொண்டே அந்தக் காட்சியைப் பார்த்தோம்.

"இப்ப பேசறாரா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அத்த ஏன் கேக்கறீங்க? வாயே மூட மாட்டறாரு. பழயபடி உப்பு கம்மின்னு மட்டும் சொல்லிக்கினு இருந்தா தேவலன்னு கீது." அவள் முகம் பூரித்திருந்தது. "ஆனா மாலைய மொதல்ல அதுக்குப் போட்டாரு, பாத்தீங்க இல்ல?"

"பார்த்தேன்" என்றேன்.

சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஏழுமலை வண்டியைத் திருப்பினார். தேவகி ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். பூஜை வேலைக்கு விடியலிலேயே எழுந்தவள், வண்டி பாதைக்கு வருவதற்குள் கண்ணாடியில் தலை சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். ஏழுமலை மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார். நான் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அவருடைய தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. வயிற்றிலிருந்து ஒரு மூச்சை விட்டார். கியரைப் போட்டு, தென்னேரிப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூச்சு நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. கொட்டகையில் சாமந்திப் பூவை மென்றுகொண்டு நின்றாளே, அவள் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.